கை கூப்பி நிற்கும் வீடு

(வானொலி உழவர் நிகழ்ச்சியில் வேளாண்மை விரிவாக்க அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்த நேரத்திலே பயிரைப் பற்றியும் பூச்சியைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேசுவோம். இன்றைக்கு ஒரு வீட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். "வீட்டைப் பற்றிப் பேச விவசாய அதிகாரி எதுக்கு, கொத்தனார் போதாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் நான் சொல்லப் போகிற வீடு, குடியிருக்க மட்டும் கட்டியது அல்ல. ஏர், கமலை, வண்டி மாதிரி அதுவும் விவசாயிக்கு ஒரு கருவி. மேல்தட்டிலே பட்டுப்புழு வளர்ந்தது. நடுவிலே அடுப்பு எரிந்தது. அடுப்புக்குக் கீழே, மண்ணுக்குள்ளே, உப்பு விளைந்தது. ஒரே கூரையின் கீழே மூன்று வருமானம். அந்த வருமானமெல்லாம் போன பிறகும் அந்த வீடுகள் இன்னும் நிற்கின்றன. ஏன் நிற்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

வீடு இருப்பது ஜப்பான் நாட்டிலே. ஹொன்ஷு என்ற பெரிய தீவின் நடுப்பகுதியில் கிஃபு மாவட்டம். அதிலே மலைகளுக்கு நடுவே ஷோ என்ற ஆறு ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையிலே ஷிரகவா கிராமம். அதற்குள் ஒகிமாச்சி என்ற குடியிருப்பு. அந்தக் குடியிருப்பிலே மிகப் பெரியது வாடா குடும்பத்தார் வீடு. அந்தக் குடும்பத்தார் அந்தக் காலத்திலே ஊர்த்தலைவர்கள். வழிக்காவலும் அவர்கள் பொறுப்பு. சுமார் 200, 300 வருஷத்துக்கு முந்திய வீடு. 1995-இல் ஜப்பான் அரசு அதை நாட்டின் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. இன்றைக்கும் அந்தக் குடும்பத்தார் அங்கேதான் இருக்கிறார்கள். வீட்டின் ஒரு பகுதியை மற்றவர்கள் பார்ப்பதற்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் அந்த ஊர் நிலத்தைப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் காடும் மலையும்தான். நெல் போடக் கொஞ்சம்தான் இடம். பழைய காலத்திலே மலைச்சரிவுக் காட்டை வெட்டி, தீயிட்டு, சாம்பலிலே விதைத்துச் சாப்பிட்டார்கள். நம்ம மலைப்பக்கத்திலே புனம் எரித்து விதைத்தார்களே, அதே முறை. என்ன விதைத்தார்கள் தெரியுமா? குதிரைவாலி, தினை! ஆமாம், நம்ம குதிரைவாலிக்கு உறவான பயிரும், நம்ம தினையேதானும். இது வயிற்றுக்கு. கைச்செலவுக்கு மல்பெரியும் பட்டும்.

அங்கே மழைக்குப் பயம் இல்லை, பனிக்குத்தான் பயம். மார்கழி, தை, மாசியிலே வானத்திலிருந்து பனி பஞ்சு பஞ்சாக விழுந்து, ஆள் உயரத்துக்கு மேல் குவிந்து நிற்கும். பஞ்சு மாதிரி இருந்தாலும் கனம் மிக அதிகம். தட்டையான கூரையாக இருந்தால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். ஆகையால் கூரையைச் செங்குத்தாகத் தூக்கிவிட்டார்கள். 60 டிகிரிக்கு நெருங்கிய சரிவு. இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து, விரல் நுனி மேலே பார்க்கும்படி கும்பிடுகிறோமே, அந்த உருவம். அதனாலேயே இந்த வீட்டு அமைப்புக்கு 'காஷ்ஷோ' என்று பெயர் வந்தது. கை கூப்புதல் என்று அர்த்தம்.

ஊருக்குள்ளே நின்று பார்த்தால் இன்னொன்றும் தெரியும். வீடுகளெல்லாம் ஒரே திசை பார்த்து நிற்கும். ஆறு தெற்கிலிருந்து வடக்கே போகிறது. காற்றும் அந்தப் பள்ளத்தாக்கு வழியேதான் அடிக்கும். ஆகவே வீட்டின் குறுகிய முக்கோணப் பக்கத்தை வடக்கும் தெற்குமாக வைத்தார்கள். காற்று மோதும் பரப்பு குறைந்தது. கூரையின் அகலமான இரண்டு பக்கமும் கிழக்கும் மேற்குமாக வந்தன. காலை வெயில் ஒரு பக்கம், மாலை வெயில் மறுபக்கம். பனி உருகி, புல் சீக்கிரம் காய்ந்துவிடும். கோடையிலே முக்கோணப் பக்கத்து ஜன்னல்களைத் திறந்துவிட்டால் வீட்டுக்குள்ளே காற்று நேராக ஓடும். செலவில்லாத யோசனை. வாஸ்து பார்க்கிறவர்கள் பலர் உண்டு. காற்றையும் வெயிலையும் பார்க்கிறவர்கள்தான் குறைவு.

இனி மரவேலை. கீழ்ப்பகுதி, அதாவது தூண், சட்டம், சுவர் எல்லாம் தச்சர் வேலை. மேலே இருக்கிற கூரை ஊரார் வேலை. கூரைக்கு ஆணியே கிடையாது. மரத்தையும் மரத்தையும் வைக்கோல் பிரியாலும், ஒருவகைக் காட்டுச்செடியின் இளங்கொம்பாலும் கட்டுவார்கள். அந்தக் கொம்பைப் பச்சையாக இருக்கும்போதே முறுக்கி நசுக்கிச் சுற்றிக் கட்டிவிட்டால், காயக் காய இறுகும். பச்சை நாரிலே கட்டியது காய்ந்த பிறகு அவிழ்க்க வராது என்பது உங்களுக்குத் தெரியாததா?

ஆணி இல்லாததிலே இன்னொரு லாபமும் உண்டு. கூரையின் பெரிய கைமரங்களின் கீழ்நுனியைப் பென்சில் மாதிரி கூராகச் சீவி, கீழே உத்திரத்திலே தோண்டிய குழியிலே நிறுத்தி வைத்திருப்பார்கள். இறுக்கிப் பிணைக்க மாட்டார்கள். புயல் அடித்தாலும் பூமி அதிர்ந்தாலும் கூரை கொஞ்சம் அசைந்து கொடுத்து, திரும்பத் தன் இடத்துக்கு வரும். விறைத்து நிற்பது முறியும். வளைந்து கொடுப்பது பிழைக்கும்.

இன்னொரு மரத்தையும் சொல்ல வேண்டும். மலைச்சரிவிலே வளரும் கன்றைக் குளிர்காலப் பனி கீழே அழுத்தும். கன்று படுத்துவிடும். பிறகு வெளிச்சத்தை நோக்கி எழும். வருஷா வருஷம் இப்படியே நடந்து, அடிமரம் வில் மாதிரி வளைந்து, மேலே நேராகப் போகும். மரக்கடைக்காரர் இதைக் கோணல் என்று தள்ளிவிடுவார். அந்த ஊர்த் தச்சர் தேடிப் பிடித்து வெட்டினார். அந்த வளைவை அப்படியே உத்திரமாக வைத்து, மேலே வரும் பாரத்தைப் பக்கத்துத் தூணுக்கு இறக்கினார். நம்ம ஊரிலும் கலப்பைக்குக் கருவேல மரத்திலே தானாக வளைந்த கிளையைத்தானே தேடினோம்? அறுத்து ஒட்டிய வளைவைவிட வளர்ந்த வளைவுக்குப் பலம் அதிகம். மரத்தின் நார் அறுபடாமல் வளைந்திருப்பதுதான் காரணம்.

சரி, வீட்டுக்குள்ளே போவோம். நடுக்கூடத்திலே தரையோடு தரையாகச் சதுரமான ஒரு அடுப்பு. 'இரோரி' என்பார்கள். சமையலும் அங்கேதான், குளிர் காய்வதும் அங்கேதான். புகைபோக்கி கிடையாது. அடுப்புக்கு நேர் மேலே ஒரு மரப்பலகை தொங்கும். மேலே பறக்கிற தீப்பொறியைத் தடுக்கிறது, சூட்டை நாலா பக்கமும் பரப்புகிறது. மேல்தட்டுகளின் தரையையும் இடைவெளி விட்டே பரப்பினார்கள். புகையும் சூடும் அந்தச் சந்து வழியே மேலே ஏறி, கடைசியில் கூரைப்புல்லுக்குள் போய்ச் சேரும். புகை பட்ட புல்லிலே பூச்சி வராது; ஈரம் தங்காது; கட்டிய கயிறும் கருத்துக் கெட்டிப்படும். நம்ம பாட்டிமார்கள் விதைச் சோளக்கதிரை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டதும் இதே கணக்குதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். புகை கூரைக்கு நல்லது. கண்ணுக்கும் நுரையீரலுக்கும் கெடுதல். அந்த வீட்டுப் பெண்கள் அதையும் சேர்த்துத்தான் சுமந்தார்கள். ஆகையால் புகையடுப்புக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் எதையும் வீணாக்கவில்லை என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

கூரை உயரமாக இருப்பதால் அதற்குள்ளே இரண்டு, மூன்று தட்டு கிடைத்தது. அங்கேதான் பட்டுப்புழு. மல்பெரித் தழையை அடிமலையிலிருந்து சுமந்து வந்து மேலே ஏற்றி, தட்டுத் தட்டாக அடுக்கிய புழுவுக்குப் போடுவார்கள். புழு வளர்ப்போருக்குத் தெரியும்: 25 டிகிரியைச் சுற்றிச் சூடு வேண்டும், காற்றோட்டம் வேண்டும், ஈரம் தேங்கக் கூடாது. கீழே எரிகிற அடுப்பு சூட்டைக் கொடுத்தது. முக்கோணச் சுவரின் ஜன்னல் காற்றையும் வெளிச்சத்தையும் கொடுத்தது. புழுவுக்கென்று தனி மனை கட்ட அந்த விவசாயிக்கு இடமும் இல்லை, பணமும் இல்லை. பனிக்காகத் தூக்கிய கூரையே புழு மனையாகிவிட்டது. இன்றைக்கும் வாடா வீட்டு மேல்தட்டிலே அந்தப் பழைய தட்டுகளையும் கருவிகளையும் பார்க்கலாம்.

இப்போது அடுப்புக்குக் கீழே வருவோம். நான் படித்த மண்ணியல் பாடத்தை இதைவிடத் தெளிவாகச் சொன்ன வீடு வேறு இல்லை.

அந்த வட்டாரத்து வீடுகளிலே அடுப்பை ஒட்டி, தரைப்பலகைக்கு அடியிலே, ஆள் ஆழத்துக்குக் குழி தோண்டினார்கள். அடியிலே குதிரைவாலித் தட்டை. அதன்மேல் காய்ந்த வயல் மண். அதனோடு பட்டுப்புழு எச்சம், காட்டுத்தழை, மறுபடி மண். இப்படி அடுக்கடுக்காக நிரப்பி மூடிவிடுவார்கள். வருஷா வருஷம் கிளறி, புதிதாகப் புழு எச்சமும் சிறுநீரும் சேர்ப்பார்கள். நாலைந்து வருஷம் கழித்து அந்த மண்ணை எடுத்து, தண்ணீர் ஊற்றி வடித்து, வடித்த நீரோடு மரச்சாம்பல் சேர்த்துக் காய்ச்சினால், ஆறும்போது வெள்ளையாக உப்பு படியும். அதுதான் வெடியுப்பு. துப்பாக்கி மருந்துக்கு மூலப்பொருள். அந்தக் காலத்துப் பிரபுக்களுக்கு அது தங்கம் மாதிரி. ஆற்றின் கீழ்ப்பக்கத்துக் கொகயாமா ஊர்களில் காய்ச்சிய உப்பைக் காகா நாட்டுப் பிரபு வாங்கிக்கொண்டார். வாடா குடும்பமும் வெடியுப்பு வாணிபத்திலே நல்ல வசதி கண்டது.

குழிக்குள்ளே என்ன நடந்தது? எச்சத்திலும் சிறுநீரிலும் தழைச்சத்து இருக்கிறது. அது முதலில் அம்மோனியா ஆகும். மண்ணிலே வாழ்கிற நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். அந்த உயிர்களுக்கு மூன்று வேண்டும்: காற்று, அளவான ஈரம், சூடு. கிளறினதாலே காற்று கிடைத்தது. சிறுநீராலே ஈரம் கிடைத்தது. வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, அடுப்புக்கு அடியிலே சூடு கிடைத்தது. மரச்சாம்பல் எதற்கு? பெயரிலேயே இருக்கிறது: சாம்பல்சத்து. நைட்ரேட்டும் சாம்பல்சத்தும் சேர்ந்தால் பொட்டாசியம் நைட்ரேட். சொட்டுநீர்ப் பாசனம் போட்டவர்கள் 13-0-45 என்று மூட்டையிலே வாங்குகிறீர்களே, அதே சரக்குதான். அந்த விவசாயி நுண்ணுயிர் என்ற சொல்லையே கேட்டிருக்க மாட்டார். ஆனால் வேலை பிசகவில்லை.

இதிலே நமக்கு ஒரு பாடம் உண்டு. குழி கூரைக்கு அடியிலே இருந்தது. மழை படவில்லை. நைட்ரேட் தண்ணீரிலே கரைந்து ஓடிவிடும் சத்து. அவர்கள் வேண்டும்போது மட்டும் தண்ணீர் ஊற்றி வடித்துக்கொண்டார்கள். நாம் என்ன செய்கிறோம்? குப்பையைத் திறந்த வெளியிலே குவித்து, ஐப்பசி மழையிலே ஊறவிடுகிறோம். குப்பைமேட்டிலிருந்து செம்பழுப்பாக ஒரு தண்ணீர் வழிந்து வாய்க்காலுக்கு ஓடுமே, பார்த்திருப்பீர்கள். அதிலே போவது நீங்கள் கடையிலே காசு கொடுத்து வாங்குகிற யூரியாவின் சத்துத்தான். குப்பைக்குழிக்கு மேலே ஒரு கீற்றுப் பந்தல், சுற்றிலும் ஒரு முழ உயரத்துக்கு வரப்பு. இந்த இரண்டும் செய்தால் போதும்.

இவ்வளவு வேலையையும் செய்தது யார்? அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஷிரகவாவின் மேற்பகுதியிலே, மிபோரோ என்ற இடத்திலே டோயாமா குடும்பத்து வீடு இருக்கிறது. 1827 வாக்கிலே கட்டியது. 1971-இல் அதையும் அரசு பண்பாட்டுச் சொத்தாக எடுத்துப் பாதுகாத்தது. அந்த ஒரு வீட்டிலே ஒரு காலத்தில் 40 பேருக்கு மேல் இருந்தார்கள். காரணம் நிலம். இருக்கிற துண்டு நிலத்தைப் பாகம் பிரித்தால் யாருக்கும் சோறு இல்லை. ஆகவே அந்தப் பகுதியிலே மூத்த மகனுக்கு மட்டுமே முறைப்படி கல்யாணம், சொத்து. தம்பிகளும் தங்கைகளும் அதே வீட்டிலே கடைசி வரை உழைத்தார்கள். தம்பிகள் தங்கள் துணைவியைப் பார்க்க இன்னொரு வீட்டுக்கு இரவிலே போய்வருவார்கள். பிள்ளைகள் தாய்வீட்டிலேயே வளர்ந்தன. நிலம் துண்டாகவில்லை என்று நாம் மெச்சலாம். ஆனால் தனக்கென்று ஒரு அடுப்பு இல்லாமலே வாழ்ந்து முடித்தவர்கள் அந்தக் கூரைக்குக் கீழே எத்தனை பேர்! பழையது எல்லாம் பொற்காலம் என்று சொல்கிறவர்களை நம்பிவிட வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு அடிக்குக் குறையாத கனத்திலே வேய்ந்த அந்தக் கூரை, நன்றாகப் புகை பட்டால் 30, 40 வருஷம் தாங்கும். பிறகு மாற்ற வேண்டும். ஒரு குடும்பத்தால் முடிகிற காரியமா அது? முடியாது. கூலி கொடுத்துச் செய்யப் பணமும் கிடையாது. அதற்கு அவர்கள் வைத்திருந்த ஏற்பாடு 'யூயி'. நம்ம ஊர்ச் சொல்லிலே மாத்தாள் வேலை. உனக்கு நான் வருகிறேன், எனக்கு நீ வா.

இலையுதிர்காலத்திலே ஊரே மலைச்சரிவுக்குப் போய் நாணல் மாதிரி உயரமான புல்லை அறுத்துக் கட்டி வைக்கும். கூரை மேயும் நாளிலே 100 முதல் 200 பேர் கூடுவார்கள். ஆண்கள் வரிசையாகக் கூரைமேல் ஏறி நிற்பார்கள். கீழேயிருந்து புல்கட்டு கை மாறி மாறி மேலே போகும். பெரிய மர ஊசியிலே கயிறு கோத்து மேலேயிருந்து குத்துவார் ஒருவர். கூரைக்கு உள்ளே இருப்பவர் அதை வாங்கி, மரத்தைச் சுற்றித் திருப்பி மேலே அனுப்புவார். பெண்கள் அத்தனை பேருக்கும் சமைப்பார்கள். ஒரு பக்கத்துக் கூரை ஒன்றிரண்டு நாளிலே முடிந்துவிடும்.

இதிலே கணக்கு உண்டு. யார் வீட்டுக் கூரைக்கு யார் எத்தனை ஆள் அனுப்பினார்கள், எத்தனை கட்டுப் புல், எவ்வளவு கயிறு கொடுத்தார்கள் என்று வீட்டுக்கு வீடு எழுதி வைத்திருந்தார்கள். நம்ம மொய் நோட்டு மாதிரியே! நோட்டை வாரிசுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அப்பன் வாங்கிய உதவியை மகன் திருப்பிக் கொடுப்பான். 30 வருஷம் கழித்து வருகிற கடனை நம்பி இன்றைக்கு ஒருவன் கூரையேறினான் என்றால், அந்த வீட்டைத் தாங்கியது மரத்தூண் மட்டும்தானா? அந்த நோட்டும்தான்.

பிறகு காலம் மாறியது. 1850-களிலே ஜப்பான் வெளிநாட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டது. வெளியிலிருந்து மலிவான வெடியுப்பு வந்து இறங்கியது. அடுப்படிக் குழிகள் கைவிடப்பட்டன. பட்டு கொஞ்ச காலம் ஓகோ என்று ஓடியது. 1930-களிலே உலகம் முழுக்கப் பொருளாதார மந்தம். அதன்பின் நைலான் வந்தது. புழுத்தட்டுகளும் ஒவ்வொன்றாகக் காலியாயின. மூன்று வருமானம் தந்த வீடு, வருமானம் ஒன்றும் இல்லாமல் செலவு மட்டும் வைக்கிற வீடாகிவிட்டது.

அப்புறம் அணை. ஷோ ஆற்றின் குறுக்கே மிபோரோ அணை 1961-இல் கட்டி முடிந்தது. ஊர்களும் வயல்களும் தண்ணீருக்குள் போயின. அந்தப் பக்கத்துப் பெரிய வீடு ஒன்றைப் பிரித்து, 1960-இலேயே யோகோஹாமா நகரத்துத் தோட்டம் ஒன்றிலே மறுபடி நிறுத்தினார்கள். வேறு சில வீடுகள் ஊர் ஊராகப் போய் உணவுவிடுதிகளாகக்கூட ஆயின. மலைக்குள்ளே கஸுரா என்று ஒரு சிற்றூர். பிழைப்பு இல்லை, பனிக்காலத்திலே பாதை இல்லை. 1967-இல் ஊரே மொத்தமாகக் காலிசெய்து கிளம்பிவிட்டது. அந்த வீடுகளில் சிலவற்றை ஒகிமாச்சிக்கு எதிர்க்கரைக்குக் கொண்டுவந்து, 1970-களின் தொடக்கத்தில் ஒரு திறந்தவெளிக் காட்சிசாலை அமைத்தார்கள். வீடு பிழைத்தது. ஊர் பிழைக்கவில்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒகிமாச்சிக்காரர்கள் 1971-இல் கூடிப் பேசினார்கள். சங்கம் அமைத்தார்கள். மூன்று கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள்: வீட்டை விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். வீட்டை மட்டும் சொல்லவில்லை. வயல், தோட்டம், மரம் எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான். யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நல்ல விலை கொடுத்து வாங்க ஆள் இருந்தது. விற்றால் பட்டணத்திலே வசதியாக இருக்கலாம். அது அவரவர் சொத்து. ஆனால் ஒரு வீடு போனால் மாத்தாளிலே ஒரு கை குறைகிறது. பத்து வீடு போனால் பதினோராவது வீட்டுக் கூரையை மேய ஆள் இல்லை. தன் வீட்டை விற்கிறவன் பக்கத்து வீட்டுக் கூரையையும் சேர்த்து விற்கிறான். இது அவர்களுக்குப் புரிந்திருந்தது.

அரசாங்கம் பிறகுதான் வந்தது. 1976-இல் ஒகிமாச்சியைப் பாதுகாக்கப்பட்ட குடியிருப்பாக ஜப்பான் அரசு அறிவித்தது. கூரை வேயும் செலவிலே பெரும்பகுதிக்கு மானியம் கிடைத்தது. 1995-இல் ஒகிமாச்சியும் கொகயாமாவின் இரண்டு சிற்றூர்களும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் ஆயின. அப்போது ஒகிமாச்சியில் இருந்த கை கூப்பிய வீடுகள் 59. மானியம் வந்து ஊர் கூடவில்லை. ஊர் கூடியதால் மானியம் வந்தது. முறை அதுதான்.

புல்வீட்டுக்குத் தீதான் எமன். நெல்லையும் பண்டத்தையும் வைக்கும் களஞ்சியத்தை வீட்டோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டினார்கள். வீடு எரிந்தாலும் விதை மிஞ்ச வேண்டும் என்ற முன்யோசனை. இன்றும் ஊரார் முறைபோட்டு, 'தீ ஜாக்கிரதை' என்று ஒலி எழுப்பிக்கொண்டே சுற்றி வருகிறார்கள். ஊர் முழுக்க 59 தண்ணீர்ப் பீச்சிகள் நிறுத்தி, வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திறந்து சோதிக்கிறார்கள். 2019 நவம்பரில் வண்டி நிறுத்துமிடத்துப் பக்கத்துக் கொட்டகைகள் தீப்பிடித்தபோது, அந்தப் பீச்சிகள் வேலை செய்தன. பழைய வீடுகளுக்குச் சேதம் இல்லை.

இப்போது எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வருஷத்துக்குப் பத்து லட்சம் பேருக்கு மேல் பார்க்க வருகிறார்கள். வயலை வண்டி நிறுத்தும் இடமாக்கினால் லாபம் என்ற ஆசை வருகிறது. அடுப்பு தினமும் எரியாத வீட்டிலே புல் முன்போல் நாள் தாங்குவதில்லை. புல் அறுத்த சரிவுகள் பல காடாகிவிட்டன. வெளியிலிருந்து வாங்க வேண்டியிருக்கிறது. ஊராரின் கைகளோடு கூலித் தொழிலாளியும் தேவைப்படுகிறார். காப்பாற்றுவது ஒருநாள் வேலை இல்லை என்பது அவர்களுக்கும் தெரிகிறது.

சரி, நமக்கு என்ன இதிலே? நம்ம ஊரிலே பனி இல்லை. நம்ம வீடு திண்ணையும் முற்றமும் நாட்டு ஓடும். அதை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டுகிறீர்கள். கட்டுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழைக்கு ஒழுகுகிற வீட்டிலே, தீக்குப் பயந்துகொண்டு, யாரையும் இருக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் கடப்பாரையை எடுக்குமுன் ஒருதரம் வீட்டைச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு பகுதியையும் பார்த்து, "நீ என்ன வேலை செய்தாய்?" என்று கேளுங்கள். முற்றம் தானியம் காயவைத்தது. குதிர் நெல்லைக் காத்தது. பரண் விதையைக் காத்தது. தாழ்வாரம் மழைநாளிலே கன்றுக்குட்டியை நனையாமல் வைத்தது. புதிய வீட்டிலே இந்த வேலைகள் எங்கே நடக்கும்? விதை வைக்க இடம் இல்லாத வீடு கட்டினால், அடுத்த பட்டத்துக்கு விதையைக் கடையிலே வாங்கித்தான் ஆக வேண்டும். அந்தச் செலவு கொத்தனார் கொடுக்கிற மதிப்பீட்டிலே இருக்காது. வரைபடம் போடும்போதே ஒரு காற்றோட்டமான விதை அறைக்கும், காயவைக்க ஒரு களத்துக்கும் இடம் ஒதுக்குங்கள். பழைய தேக்குத் தூண், கதவு, உத்திரம் இருந்தால் விறகு விலைக்குக் கொடுத்துவிடாமல், புது வீட்டிலே பயன்படுமா என்று தச்சரைக் கேளுங்கள்.

மாத்தாளையும் விட்டுவிடாதீர்கள். ஆள் கிடைக்கவில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை என்று ஊருக்கு ஊர் சொல்கிறீர்கள். உண்மைதான். ஐந்தாறு சிறு விவசாயிகள் சேர்ந்து, யார் வயலுக்கு யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று ஒரு நோட்டிலே எழுதத் தொடங்குங்கள். நடவுக்கு ஆகும், வாய்க்கால் தூர்வார ஆகும், வரப்புக் கட்ட ஆகும். வாய்க்கணக்கு சண்டையில் முடியும். எழுதிய கணக்கு உறவிலே முடியும். மொய் எழுதப் பழகிய கைக்கு இது கஷ்டமா என்ன?

அந்த மலைக்கிராமத்து வீடு இரண்டு கையைச் சேர்த்தாற்போல் நிற்கிறது என்று தொடக்கத்திலே சொன்னேன். அந்தக் கூரையின் இரண்டு பக்கமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்துதான் நிற்கின்றன. ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மறுபக்கம் தானாக விழுந்துவிடும். ஊரும் அப்படித்தான்.